வறண்ட முகம், அதிலேயே பரு: மாய்ஸ்சரைசர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரு வந்துவிட்டால் முகத்தைக் காயவைக்க வேண்டும் என்பதில் நம் ஊரில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. “ஏளா, பரு இருக்க மூஞ்சில கிரீம வேற தேய்க்கியா” என்று வீட்டில் ஒரு குரல் வரும், உடனே சோப்பு, முல்தானி மட்டி, எலுமிச்சைச் சாறு, கலாமைன் என்று காயவைக்கிற சாமான்கள் வரிசையாக வந்து இறங்கும். ஒரு மாதத்தில் கன்னம் வெள்ளை வெள்ளையாக உரியும், வாயைத் திறந்து சிரித்தால் தோல் இழுக்கும், தாடையில் பரு மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். மாய்ஸ்சரைசர் தேர்வில் நடக்கிற முக்கால்வாசிக் குளறுபடிக்கு வேர் இந்த எண்ணம்தான்.

வறட்சியும் பருவும் ஒரே முகத்தில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் நிறைய. தாராளமாக இருக்கும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு சமாசாரம். முடி முளைக்கிற துவாரத்தில் எண்ணெய்ச் சுரப்பும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் பரு. தோலின் மேலடுக்கில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று சில கொழுப்புகள் இருக்கின்றன, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமல் பிடித்து வைப்பது அவைதான், அவை குறைந்தால் வறட்சி. நீங்கள் எவ்வளவுதான் தேய்த்துக் கழுவினாலும் துவாரத்துக்குள் இருக்கிற அடைப்பு போகாது, மேலே இருக்கிற அந்தக் கொழுப்புதான் போகும். அப்புறம் அந்தத் தோலில் டாக்டர் கொடுத்த பரு மருந்தைப் பூசினாலும் எரியும், எரிகிறது என்று மருந்தை நிறுத்துவோம், பரு கூடும்.

அதனால் மாய்ஸ்சரைசர் பெயரைத் தேடுவதற்கு முன்னால் முகம் கழுவுகிற விஷயத்தைச் சரிபண்ண வேண்டும். எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதில் இருந்து ஆரம்பியுங்கள். ஆற்றுத் தண்ணீர் வருகிற தெருவுக்கும், போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கிற புறநகர் வீடுகளுக்கும் வித்தியாசம் உண்டு. உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு படிவாக மாறித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பாத்ரூம் வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் இந்தப் படிவும் உண்டு. போதாததற்கு, சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது, அதன் பி.ஹெச் அளவு 9, 10 என்று இருக்கும், தோலுக்கு இயல்பான அளவோ 5-ஐ ஒட்டி. முகத்துக்கு மட்டும் சோப்பு இல்லாத, நுரை அதிகம் வராத ஒரு மென்மையான கிளென்சர் போதும், அதுவும் காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. வீட்டில் உப்புத் தண்ணீர்தான் என்றால் கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீரை எடுத்து முகத்தை அலசி முடியுங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் இதைச் செய்யாமல் விலை கூடிய கிரீம் வாங்கிப் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். சாலிசிலிக் அமிலம் போட்ட ஃபேஸ்வாஷ், சொரசொரப்பான ஸ்க்ரப், இரண்டையும் தினமும் வறண்ட முகத்தில் போடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அடுத்தது, அடுத்தவர் முகத்துக்கு ஒத்துக்கொண்டதை அப்படியே வாங்குவது. இங்கே திருநெல்வேலி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் காற்று மாறும், அதை நாம் யோசிப்பதே இல்லை. ஆனி, ஆடியில் குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும், அம்பாசமுத்திரம், பாபநாசம் வட்டாரத்தில் வயலும் வாய்க்காலுமாக ஈரம் இருக்கும். அதே மாதங்களில் மலை இடைவெளி வழியாக வருகிற தென்மேற்குக் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் மழையை விட்டுவிட்டு வெறுங்காற்றாக வீசித் தள்ளும், அங்கே அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணும் சேர்ந்து பறக்கும். அம்பையில் இருக்கிற சித்தி மகள் “இந்த ஜெல் சூப்பரா இருக்குக்கா” என்று சொன்னால் அவளுக்கு அது உண்மைதான், ஆனால் வள்ளியூரில் இருந்து தினமும் வண்டியில் போய் வருகிற உங்களுக்கு அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஜெல்லில் பெரும்பாலும் ஈரத்தை இழுக்கிற பொருள்கள் மட்டும்தான் இருக்கும், இழுத்த ஈரத்தை மூடி வைக்க மேலே ஒன்றும் இல்லாவிட்டால் காற்று அதைக் கொண்டுபோய்விடும். வெயிலில் காற்றில் அலைபவர்களுக்கு லோஷன் அல்லது இலேசான கிரீம்தான் சரி. வண்ணார்பேட்டை, டவுண் பக்கம் ஜவுளிக்கடை, நகைக்கடையில் நாள் முழுக்க ஏசியில் நிற்பவர்களுக்கும் அதே கதைதான், வெளியே அனல் அடிக்கிறது என்பதற்காக அவர்கள் முகம் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறிவிடும், அப்போது அதே கிரீம் கனமாகத் தெரிந்தால் ஜெல்லுக்கு மாறிக்கொள்ளலாம். வருஷம் முழுக்க ஒரே டப்பாதான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இனி டப்பாவின் முன்பக்கம். ‘நான் காமெடோஜெனிக்’ (non-comedogenic), அதாவது துவாரத்தை அடைக்காது என்று எழுதியிருந்தால் பரு வரவே வராது என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த வார்த்தையைப் போட இன்ன பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. எந்த எண்ணெய் துவாரத்தை எவ்வளவு அடைக்கும் என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட பட்டியல்கள் சுற்றுகின்றனவே, அவற்றின் அடிப்படை முயல் காதில் தடவிப் பார்த்த பழைய சோதனைகள். ஒரு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ‘ஆயில் ஃப்ரீ’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தைப் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால் என்ற வரிசையில் அச்சிட்டிருப்பார்கள். கிளிசரின் மேலே இருந்தால் நல்லது. செராமைடு, பாந்தெனால், டைமெத்திகோன், நியாசினமைடு, இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் வறண்ட, பரு வருகிற முகத்துக்கு ஏற்றதுதான். தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், ஐசோப்ரோபைல் மிரிஸ்டேட் முதல் சில பெயர்களுக்குள்ளேயே வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ‘ஆல்கஹால் டினாட்’ மேலே இருந்தாலும் வேண்டாம், பூசியதும் ஜில்லென்று இருக்கும், அப்புறம் காயும். சீட்டைல் ஆல்கஹால், சீட்டியரைல் ஆல்கஹால் என்று வருவது வேறு, அவை கொழுப்பு வகை, பெரும்பாலானோருக்குத் தொந்தரவு இல்லாதவை, பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். வாசனை தூக்கலாக இருக்கிற எதுவும் உரிந்துபோன தோலுக்கு எதிரிதான், அது எவ்வளவு விலை என்றாலும்.

வாஸ்லினைப் பார்த்தாலே பரு வரும் என்று ஒரு பயம் இருக்கிறது. பெட்ரோலியம் ஜெல்லி அதுவாகத் துவாரத்தை அடைப்பதில்லை, கனமும் பிசுக்கும் அதிகம் என்பதுதான் குறை. வாயோரம், மூக்கோரம் வெடித்த இடத்தில் ராத்திரி மெல்லிசாகத் தொட்டு வைக்கலாம்.

தேங்காய் எண்ணெய் பற்றி எழுதினால் ஆச்சிமார் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. தலைக்கு, கைகாலுக்கு அதைப் போல வராது, ஆனால் பரு வருகிற முகத்துக்கு அது மாய்ஸ்சரைசர் கிடையாது, அடைக்கிற எண்ணெய்களில் முன்வரிசையில் இருப்பது அது. நேரடியாக முகத்தில் தேய்க்காதவர்களுக்கும் தொல்லை வரும். காலையில் வழிய வழிய எண்ணெய் வைத்துச் சீவிவிட்டு வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் அது நெற்றிக்கு இறங்கிவிடும், நெற்றியோரம் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பரு வந்திருந்தால் கிரீமைக் குற்றம் சொல்வதற்கு முன் தலையணை உறையில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு, நெற்றியிலும் நெஞ்சிலும் முதுகிலும் வந்தால் அது பருவே இல்லாமல் மலசீசியா என்கிற பூஞ்சையாலும் இருக்கலாம். அந்தப் பூஞ்சை எண்ணெயைத் தின்று வளர்வது, பரு மருந்துக்கு அடங்காது, டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கத்தாழைக்கு இங்கே பஞ்சமில்லை, கொல்லையிலேயே கிடக்கும். வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலைக் கழுவாமல் பூசினால் சிலருக்குத் தோல் எரியும். கடையில் விற்கிற பளபளப் பச்சை ஜெல்லில் நிறமும் வாசனையும்தான் தூக்கலாக இருக்கும். கழுவிய கத்தாழைச் சோறு முகத்துக்குக் குளிர்ச்சி தரும், ஆனால் அதுவும் ஜெல் மாதிரிதான், மேலே ஒரு லோஷன் இல்லாமல் காற்றில் நிற்காது. கிளிசரின், பன்னீர், எலுமிச்சை மூன்றையும் கலந்து பாட்டிலில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தில் எலுமிச்சையைத் தூக்கிவிடுங்கள், அதன் புளிப்பு தோலைப் புண்ணாக்கும். கிளிசரினையும் நீர்க்காமல் அப்படியே பூச வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் காசும் நேரமும் போகிற தவறுகள். முகமே போகிற தவறு ஒன்று உண்டு. மெடிக்கலில் போய் “அண்ணாச்சி, பருவுக்கு ஏதாவது கிரீம் குடுங்க, முகமும் தெளியணும்” என்று கேட்டு, சீட்டு இல்லாமல் ஒரு டியூப் வாங்கி, அதையே தினமும் மாய்ஸ்சரைசர் போலப் பூசுவது. அதில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. அதோடு ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் சேர்ந்த மூன்று மருந்துக் கலவையும் உண்டு. ஆரம்பத்தில் அற்புதமாக இருக்கும், சிவப்பு அடங்கும், நிறம் வெளுத்த மாதிரி தெரியும், எல்லோரும் என்ன போடுகிறாய் என்று கேட்பார்கள். போகப்போகத் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பூனை முடி கூடும், ஒரு நாள் பூசாவிட்டால் முகம் முழுக்கச் சிவந்து எரிந்து பரு கொத்துக் கொத்தாகக் கிளம்பும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். ஏற்கெனவே பல மாதமாகப் பூசிக்கொண்டிருந்தால் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் கொடுத்த அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பரு மருந்துகளைப் போடுபவர்கள் செய்கிற தவறு வேறு மாதிரி. மாய்ஸ்சரைசர் போட்டால் மருந்து வேலை செய்யாது என்று வெறும் முகத்தில் பூசுவார்கள், இரண்டாவது வாரம் தோல் உரியும், மருந்து சேரவில்லை என்று விட்டுவிடுவார்கள். அந்த மருந்துகள் பலன் காட்டவே 8 முதல் 12 வாரம் ஆகும். அடாபலீனுக்கு முன்னும் பின்னும் மெல்லிசாக மாய்ஸ்சரைசர் பூசலாம், முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுப் பழக்கலாம், டாக்டரிடம் கேட்டால் அவரே சொல்வார். பென்சாயில் பெராக்சைடு துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும், நல்ல துண்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள். கடுமையான பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உதடும் முகமும் காய்வது எதிர்பார்த்ததுதான், அவர்களுக்கு மாய்ஸ்சரைசர் இல்லாமல் ஓடாது. கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்களும் அந்த மாத்திரையை அடுத்தவரிடம் வாங்கி விழுங்கவே கூடாது, குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

பூசுகிற முறை எளிது. முகம் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பூச வேண்டும், தேய்த்து மசாஜ் பண்ணத் தேவையில்லை. புதிதாக ஒன்றை வாங்கினால் முதல் நாளே முகம் முழுக்க அப்பாமல் தாடையோரம் ஓரிடத்தில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். ஒரே வாரத்தில் கிளென்சர், சீரம், கிரீம், சன்ஸ்கிரீன் நான்கையும் மாற்றினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கும்போது சின்ன டியூபாக வாங்குங்கள், விரல் விட்டு எடுக்கிற அகல டப்பா வேண்டாம்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று மாதத்தில் அடங்கவில்லை, அல்லது உள்ளே கட்டி கட்டியாக வலிக்கிற பருவாக வருகிறது, ஆறின இடத்தில் குழி விழுகிறது என்றால் கிரீம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். போகும்போது இதுவரை முகத்தில் பூசிய டியூப், டப்பா, மெடிக்கல்காரர் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பெயர் தெரியாமல் “வெள்ளை கலர் டியூப் டாக்டர்” என்றால் அவர் என்ன செய்வார்.