பெரியவங்க மனநலம் பத்தி முதல் தடவையா ஆய்வு பண்றீங்களா? இப்படி ஆரம்பிங்க

எம்.எஸ்.டபிள்யூ, நர்சிங், சைக்காலஜி படிக்கிறவங்க நிறைய பேர் ப்ராஜெக்ட்டுக்கு முதியோர் மனநலம்னு தலைப்பு எடுக்கறாங்க. நல்ல தலைப்புதான், ஆனா பாதி பேர் கேள்வித்தாளை ஜெராக்ஸ் போட்டு எடுத்துக்கிட்டு நேரா தெருவுல இறங்கிடறாங்க. எப்படி உட்கார்ந்து கேட்டீங்கங்கறதை பொறுத்துதான் கிடைக்கிற நம்பருக்கு மதிப்பு, அதனால நிதானமா வாங்க.

ஸ்டெப் 1: கேள்வியை சுருக்குங்க

"முதியோர் மனநலம்"னா கடல் மாதிரி. "எங்க ஊர்ல தனியா இருக்கற 60 வயசு தாண்டினவங்களுக்கும் பிள்ளைங்களோட இருக்கறவங்களுக்கும் மனச்சோர்வுல வித்தியாசம் இருக்கா?" இந்த மாதிரி கேட்டாதான் பதில் தேட முடியும். 60ங்கறது 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல இருக்கற வயசு, அதையே வெச்சுக்கோங்க. இன்னொன்னு, உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான முதுமைன்னு சொல்றது நோயே இல்லாம இருக்கறதை இல்ல, தனக்கு முக்கியம்னு நினைக்கிறதை செய்ய முடியறதைத்தான். சுகர், பிபி ரெண்டும் இருந்தும் தினம் பூ கட்டி வித்துட்டு வர்ற பாட்டி நல்லா இருக்காங்கன்னுதான் அர்த்தம். அதனால என்ன வியாதின்னு மட்டும் கேக்காம, ஒரு நாள் எப்படி போகுதுன்னும் கேளுங்க.

ஸ்டெப் 2: அளவுகோலை எடுங்க

சொந்தமா கேள்வி தயார் பண்ணாதீங்க. ஜி.டி.எஸ்-15 இருக்கு, ஜெரியாட்ரிக் டிப்ரஷன் ஸ்கேல், அதாவது வயசானவங்களோட மனச்சோர்வை அளக்கற கேள்வித்தாள், முதல்ல 30 கேள்வியா வந்தது, 1986ல 15ஆ சுருக்கினாங்க. ஆமா, இல்லன்னு சொன்னா போதும், படிக்காதவங்களுக்கும் படிச்சுக் காட்டலாம். தூக்கம், பசி, உடம்பு வலி பத்தி இதுல கேள்வி கிடையாது, ஏன்னா வயசானா அதெல்லாம் மனசு நல்லா இருந்தாலும் வரும். ஏற்கனவே சோதிச்சுப் பார்த்த தமிழ் வடிவத்தையே வாங்கிக்கோங்க. மறதி ரொம்ப முத்திப்போனவங்ககிட்ட இதை நம்ப முடியாது, அவங்களை சேர்க்காதீங்க.

ஸ்டெப் 3: அனுமதி

காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறையோட நடக்குதான்னு பாக்கற குழு) ஓகே சொல்லாம ஒருத்தர்கிட்டயும் போகக்கூடாது. கையெழுத்து போடத் தெரியாதவங்ககிட்ட கைநாட்டு வாங்கலாம், ஆனா படிக்கத் தெரிஞ்ச வெளி ஆள் ஒருத்தர் சாட்சியா இருக்கணும்.

ஸ்டெப் 4: போய் உட்காருங்க

இதுலதான் எல்லாமே இருக்கு. நோட்டும் பேனாவுமா ஒரு ஆள் வந்தாலே "ஓ.ஏ.பி பணத்துக்கு எழுதறியாப்பா?"ன்னுதான் கேப்பாங்க, பாவம், அந்த நம்பிக்கையை அப்படியே விட்டுட்டு பதில் வாங்கறது தப்பு, இதனால பென்ஷன் எதுவும் வராது பாட்டின்னு முதல்லயே தெளிவா சொல்லிடுங்க. காலைல நூறு நாள் வேலைக்கு போயிருப்பாங்க, சாயங்காலமா போங்க. மருமக அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா "எனக்கென்னப்பா குறை, ராணி மாதிரி வெச்சிருக்காங்க"ன்னுதான் பதில் வரும், அதனால திண்ணையோ வேப்பமரத்தடியோ தனியா பேசற இடமா பாருங்க. காது கேக்காதுன்னா கத்தாதீங்க, முகத்துக்கு நேரா உட்கார்ந்து மெதுவா சொல்லுங்க.

வெளிய போறதை விட வீட்லயே இருக்கத்தான் பிடிக்குதான்னு ஒரு கேள்வி வரும். "ஆமாப்பா, முட்டி வலி, எங்க போறது"ம்பாங்க. ஆமான்னே குறிங்க, ஆனா பக்கத்துல "முட்டி வலி"ன்னும் எழுதி வைங்க. பின்னாடி ரிப்போர்ட் எழுதும்போது அந்த குறிப்புதான் கைகொடுக்கும்.

யாராவது "போய் சேர்ந்துட்டா தேவலை"ன்னு சொன்னா அடுத்த கேள்விக்கு தாவிடாதீங்க. பேனாவை வெச்சுட்டு கேளுங்க. சாகணும்னு நிஜமாவே தோணுதான்னு நேரடியாவே கேக்கலாம், கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா அவங்களை தனியா விடாதீங்க, உங்க கைடுக்கு அப்பவே சொல்லுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்ணுங்க. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, முதியோர் உதவி எண் 14567, ரெண்டையும் பெருசா எழுதி எல்லா வீட்லயும் கொடுத்துட்டு வாங்க.

ஸ்டெப் 5: மார்க் போடறது

1, 5, 7, 11, 13 இந்த அஞ்சு கேள்விக்கு "இல்ல"ன்னா ஒரு மார்க், மத்த பத்துக்கு "ஆமா"ன்னா ஒரு மார்க். இதை மாத்திப் போட்டா சந்தோஷமா இருக்கறவங்க சோர்வா இருக்கற மாதிரி வந்துடும். 5ம் அதுக்கு மேலயும் வந்தா டாக்டர் பாக்கணும்னு அர்த்தம், அவ்வளவுதான், அவங்களுக்கு டிப்ரஷன்னு நீங்க எழுதக்கூடாது.

ஸ்டெப் 6: எழுதறது

தனியா இருக்கறவங்களுக்கு மார்க் அதிகமா வந்தாலும் "தனிமைதான் காரணம்"னு எழுதாதீங்க, ஒரே ஒரு தடவை கேட்டதை வெச்சு எது முன்னாடி வந்துச்சுன்னு சொல்ல முடியாது. பெரிய அளவுல ஒப்பிட்டுப் பாக்கணும்னா லாசின்னு (LASI) இந்தியாவுல வயசாகறதைப் பத்தின ஒரு தேசிய ஆய்வு இருக்கு, 2017ல ஆரம்பிச்ச முதல் சுற்றுல 45 வயசுக்கு மேல 72,000க்கும் அதிகமானவங்களை பார்த்திருக்காங்க. மும்பைல இருக்கற ஐ.ஐ.பி.எஸ்ங்கற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்தறது, எதுக்குன்னு எழுதிக் கேட்டா மாணவர்களுக்கும் டேட்டா கிடைக்கும்.