படுக்கைப் புண்: சிவப்பு இல்லை என்று விட்டுவிடாதீர்கள்

எங்கள் முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்குப் போன வாரம் படுக்கைப் புண் வருகிறதா என்று தோலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். 15 வருஷத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, ஈரத்துணியை உடனே மாற்றுவது எல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சிவப்பைத் தேடுவது

"சிவந்திருக்கிறதா பார், விரலால் அழுத்து, வெளுக்காவிட்டால் ஆபத்து." வெள்ளைத் தோலுக்கு இந்தப் பாடம் சரி. நம் பாட்டிகளின் கறுத்த தோலில் சிவப்பு தெரிவதே அபூர்வம். அழுத்தினால் வெளுப்பதும் கண்ணில் படாது.

பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பாட்டி, "பின்பக்கம் எரியுதும்மா" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன், சிவப்பு இல்லை. ரிஜிஸ்டரில் "தோல் நன்றாக உள்ளது" என்று எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் வால் எலும்புக்கு மேல் நாவல்பழக் கறை போல ஒரு திட்டு. அடுத்த வாரம் தோல் பிய்ந்து குழி விழுந்துவிட்டது. ஆறுவதற்கு நான்கு மாதம் டிரெஸ்ஸிங். எலும்பை ஒட்டிய சதை முதலில் நசுங்கி, மேலே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றும் வெள்ளைத் தோல் படங்களை மட்டும் காட்டிப் பாடம் எடுப்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

சரி, எதைத்தான் பார்ப்பது? புறங்கையால் தொடுங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள்; கெட்டிப்பட்டிருந்தாலும் பழுத்த தக்காளி போலப் பொதபொதவென்று இருந்தாலும் கவனிக்க வேண்டும். சுற்றிலும் உள்ளதைவிடக் கறுத்தோ மினுமினுத்தோ இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவுவதற்கு முன்பே பாருங்கள், தடவிவிட்டால் உடம்பெல்லாம் மினுமினுக்கும். எரிகிறது, வலிக்கிறது, அரிக்கிறது என்று அவர்கள் சொன்னால் அதையே அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் பாரம் படாமல் படுக்க வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

வலிக்கிற இடத்தைத் தேய்த்துவிடுவது

வேண்டவே வேண்டாம். நசுங்கிய சதை இன்னும் கெடும்.

ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பது

வளையத்தின் விளிம்பே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

சாக்ஸோடு குதிகாலைப் பார்ப்பது

கழற்றுங்கள். பார்த்த பிறகு கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது.

"நன்றாக உள்ளது" என்று எழுதுவது

எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், சூடா, கெட்டியா, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று எழுதுங்கள். அப்போதுதான் ராத்திரி டியூட்டிக்கு வருகிறவர் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்து, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியும்.