முதல் வருட லீவில் ஒரு பசுவை முழுசாகச் சோதிப்பது எப்படி?

ராமையன்பட்டியில் உள்ள திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நாமக்கல்லிலோ இடம் கிடைத்துவிட்டது என்றால் முன்னால் ஐந்தரை வருடம் இருக்கிறது, அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சிக் காலம். கலந்தாய்வு, சான்றிதழ் சமாச்சாரத்துக்குள் நான் போகவில்லை. முதல் வருடம் பெரும்பாலும் எலும்பும் உடற்கூறும்தான், நோயாளி மாடு கைக்கு வர நாளாகும். அதுவரை காத்திருக்காதீர்கள். லீவுக்கு ஊருக்கு வரும்போது, நம் குமரி மாவட்டத்து அருமனையோ தோவாளையோ, பக்கத்துத் தொழுவத்தில் நன்றாக இருக்கிற ஒரு பசுவைத் தினமும் பாருங்கள். நல்ல மாடு எப்படி இருக்கும் என்று கை பழகினால்தான் நோய் மாடு கண்ணில் படும்.

1. தொடுவதற்கு முன் பாருங்கள். நாலடி தள்ளி நின்று விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை இருக்கலாம். கிட்டே போனதும் மாடு மிரண்டு கணக்கு மாறிவிடும், அதனால் மூச்சுதான் முதலில். ஜெர்சி கலப்பு என்றால் மதிய வெயிலில் இரைக்கும், காலையிலேயே போங்கள்.

2. காய்ச்சல். நிறைய பேர் தடுமாறும் இடம் இது, என் கையும் இங்கேதான் ரொம்ப நாள் பழகியது. மாட்டுக்காரரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தொடையோடு ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். பசு பக்கவாட்டிலும் வீசி உதைக்கும், ஒட்டி நின்றால் அடி வேகம் எடுக்காது. வாலைத் தூக்கி, முனையில் வாசலின் தடவிய தெர்மாமீட்டரை ஆசனவாயில் மெதுவாகத் திருகி நுழையுங்கள். உள்ளே போனால் போதாது, முனை குடல் சுவரைத் தொட வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றாலோ, உள்ளே காற்று புகுந்திருந்தாலோ அளவு குறைத்துக் காட்டும், காய்ச்சல் மாடும் நல்ல மாடாகத் தெரியும். அதனால் லேசாக ஒரு பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வந்தால் சரி, சாயங்காலம் கொஞ்சம் கூடும்.

டிஜிட்டல்தான் வாங்குங்கள். பாதரசத் தெர்மாமீட்டர் தொழுவத்தில் உடைந்தால் பெரிய தலைவலி. பின்முனையில் ஒரு நூல் கட்டி, துணி கிளிப்பால் வால் மயிரோடு சேர்த்து மாட்டிவிடுங்கள், மாடு சாணி போட்டாலும் கீழே விழாது.

3. நாடி. வாலின் அடிப்பக்கம், நடுவில், ஆசனவாயிலிருந்து ஒரு கை அகலம் இறங்கி விரலால் மெதுவாக அழுத்துங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 80 துடிப்பு இருக்கலாம்.

4. இரைப்பை. இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் முஷ்டியை அழுத்தி வைத்து 2 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உள்ளேயிருந்து அலை எழும்பி முஷ்டியை வெளியே தள்ளும், அந்த நேரத்தில் 2 முதல் 4 தடவை வரலாம். அவசரப்பட்டு ஒரு நிமிடத்தில் கையை எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. எனக்கு இந்தச் சோதனைமேல் தனிப் பிரியம், மாடு தீனி தின்கிறதா என்று வீட்டார் சொல்வதற்கு முன்னால் இதுவே சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். போன் ஆப் வேண்டாம், தொழுவத்து ஈரக்கையோடு திரையைத் தொட முடியாது.

பின்சேர்க்கை: குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி, வீட்டில் ஆடுதான் இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டார். கீழ் இமையை விலக்கி உள் நிறம் பாருங்கள். நல்ல சிவப்பு சரி, வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழுவைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஈரப்புல் மேயும் ஆட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

இன்னொருவர் எச்சில் வடிக்கும் மாட்டின் வாயைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். கூடவே கூடாது. தொண்டையில் அடைப்பு மாதிரித் தெரிவது வெறிநோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெறிநோய்க்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசியை, தொழுவத்தில் கால் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.