லினோகட்: செதுக்கிய பின் திருத்த முடியாத தவறுகள்

லினோலியத் தகட்டை உளியால் செதுக்கி, செதுக்காமல் நிற்கும் பகுதியில் மை உருட்டித் தாளில் அச்செடுப்பதுதான் லினோகட். எழுத்து இடவலம் மாறி அச்சாவதையும், உளிக்கு முன்னால் கையை வைத்துக் கிழித்துக்கொள்வதையும் முதல் நாளே எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுவோம். பல மாத வேலையைத் தின்கிற தவறுகள் வேறு.

ஒரே தகட்டில் பல நிறம்: எண்ணாமல் தொடங்குவது

இத்தனை பேர் சொல்லியும் நிற்காத தவறு இதுதான். முறை எளிது. வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களைச் செதுக்கிவிட்டு மஞ்சள் அச்சிடுகிறோம். மஞ்சளாகவே நிற்க வேண்டியதைச் செதுக்கிவிட்டு அதன்மேல் பச்சை, பிறகு கரும்பச்சை, கடைசியில் கருப்பு. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகப் போகத் தகடு தேய்ந்துகொண்டே வரும். இரண்டாவது முறை உளி பட்டதும் மஞ்சளுக்கான தகடு உலகத்தில் இல்லை. ஆகவே மொத்தம் எத்தனை பிரதி என்பது முதல் நிறத்தன்றே முடிவாகிவிடுகிறது.

ஆரம்பநிலையில் இருப்பவர்கள் "எப்படி வருதுன்னு பார்ப்போம்" என்று ஐந்து தாளில் மஞ்சளை அடிக்கிறார்கள். பச்சையில் ஒன்று விலகும், கரும்பச்சையில் ஒன்றில் மை ஈஷும், கருப்பில் ஒன்றில் பெருவிரல் ரேகை விழும். கையில் மிஞ்சுவது இரண்டு. அதிலும் ஒன்று சுமார்தான். நிறத்துக்கு ஒன்றரைத் தாள் வீணாகும் என்று கணக்கு வையுங்கள். நான்கு நிறத்தில் 10 நல்ல பிரதி வேண்டுமென்றால் முதல் நிறத்தை 16 தாளில் அடிக்க வேண்டும். தாள் விலை உறுத்துகிறதா? அந்த ஆறு தாளின் விலையையும் நான்கு வாரச் செதுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது பொருத்தம்: ஒவ்வொரு நிறமும் முந்தைய நிறத்தின் மேல் சரியான இடத்தில் விழுவது. அச்சகத்தில் "ரெஜிஸ்டர் அவுட்" என்பார்களே, அது இந்தப் பொருத்தம் தவறுவதுதான். பிக்காசோ 1958இல், 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஓவியர் கிரானாக்கின் ஓவியத்தை ஒட்டிச் செய்த லினோகட்டில் நிறத்துக்கொரு தகடு வெட்டினார். அத்தனை தகடுகளையும் ஒன்றோடொன்று பொருத்துவது பெரும்பாடாக இருந்தது. அடுத்த ஆண்டு ஒரே தகட்டைத் தேய்த்துக்கொண்டே போகும் முறைக்கு வந்துவிட்டார். தகடு ஒன்றானாலும் தாள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பென்சிலில் மூலை குறித்துக் கண்ணால் பார்த்து வைத்தால் அரை மில்லிமீட்டராவது விலகும். முகத்தில் அந்த அரை மில்லிமீட்டர் இரண்டு உதடாகத் தெரியும்.

தகட்டைவிடப் பெரிய பலகை ஒன்றை எடுத்து, லினோ வெட்டுத் துண்டுகளை ஒரு மூலையில் "ட" வடிவில் ஒட்டுங்கள். தகடு எப்போதும் அந்த மூலையில் முட்டி நிற்கட்டும். தாளுக்கு, கோப்புக்குத் துளை போடும் சாதாரண பஞ்ச் போதும். துளைகளுக்கு நடுவே 80 மி.மீ., துளை விட்டம் 6 மி.மீ. அதே இடைவெளியில் பலகையில் இரண்டு மரக்குச்சிகளை ஊன்றித் தாளை அவற்றில் மாட்டுங்கள். துளை விழும் ஓரத்துக்காக 3 செ.மீ. கூடுதலாக விட்டு, எல்லாம் முடிந்த பிறகு வெட்டிவிடலாம். இவ்வளவு செய்தும் விலகினால் தகட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே காய்ந்து திரண்ட மைதான் தகட்டைத் தள்ளியிருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் முன்னால் விளிம்பைத் துடைக்க வேண்டும்.

பலரும் யோசிக்காத எதிரி ஈரக்காற்று. தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். வெயில் நாளில் மஞ்சளும் மழை நாளில் பச்சையும் அடித்தால் எந்தக் குச்சியும் காப்பாற்றாது. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையே, மை தொடக் காய்ந்ததும் தாள்களை மொத்தமாகப் பாலித்தீனில் சுற்றி வையுங்கள். செப்புத்தகட்டு அச்சுக்குத் தாளை நனைப்பார்கள் என்று கேட்டுவிட்டு இங்கேயும் நனைக்காதீர்கள்.

மையை அப்புவது

ரோலரை உருட்டும்போது மெல்லிய "ஸ்ஸ்" கேட்க வேண்டும். "சப் சப்" என்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தால் மை அதிகம். நுண்ணிய கோடுகள் அடைபடும். நிறத்தின் மேல் நிறம் ஏறும் வேலையில் அடியில் உள்ள படலம் தடித்துப் பளபளத்துவிட்டால் மேலே வரும் மை ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும். எண்ணெய் மை தொடக் காய இரண்டு மூன்று நாளாகும். ஐப்பசி மழையில் ஒரு வாரம்கூட இழுக்கும். அவசரப்பட்டு மையை உலர்த்தும் திரவத்தைக் கூடுதலாகக் கலந்தால் மறுபடியும் அதே பளபளப்புதான்.

பழைய லினோ

ஓரத்தை வளைத்தால் வெடிக்கிறதா? வாங்காதீர்கள்.

கைத்தாள்

கையால் செய்த தாள் அழகுதான். ஆனால் சொரசொரப்பான கைத்தாளில் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தால் கருப்பு முழுக்க வெள்ளைப் பொட்டு விழும். அழுத்து இயந்திரம் இல்லையென்றால் மெல்லிய, வழவழப்பான தாள்தான் சரி.

தகட்டைத் தண்ணீரில் ஊறவைப்பது

முதுகில் இருப்பது சணல் துணி. ஈரமானால் சுருண்டுகொள்ளும். எண்ணெய் மையைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

புகைப்படத்தை அப்படியே இறக்குவது

தூண்டுதல் எதுவாகவும் இருக்கட்டும்: கோயில் யாளி, பாட்டியின் முகம், மீன் சந்தை. அதைப் புகைப்படமெடுத்துக் கார்பன் தாளில் தடமெடுத்தவுடன் சிக்கல் தொடங்குகிறது. புகைப்படத்தில் நூறு சாம்பல் நிறம் உண்டு. லினோவில் மை உண்டு, அல்லது இல்லை. அந்தச் சாம்பலைப் பிடிக்க நுணுக்கி நுணுக்கிக் கீறியது எல்லாம் அச்சில் அழுக்காக வரும். வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி நடையை ஒட்டிச் செதுக்கிய காந்தியைப் பாருங்கள். கருப்புக்குள் வெள்ளைக் கோடுகள், கையில் தடி, எட்டி வைத்த கால். சாம்பலே இல்லை, ஆனாலும் அந்த நடையின் வேகம் தெரிகிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். பென்சிலை வைத்துவிட்டுத் தடித்த கருப்புத் தூரிகையால் உள்ளங்கை அளவில் அதே காட்சியை நான்கு முறை வரையுங்கள். ஒவ்வொரு முறையும் எதை விட முடிகிறது என்று பாருங்கள். நான்காவது படத்தைத் தகட்டுக்கு மாற்றுங்கள். தகடு முழுவதும் முதலில் வெளிர் பழுப்பு மை தடவிக் காயவிட்டால், உளி போன இடம் பளிச்சென்று தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

பேனாவில் கையெழுத்து

வேண்டாம். பென்சில். இடது ஓரத்தில் 3/10 (பத்துப் பிரதிகளில் மூன்றாவது), வலது ஓரத்தில் பெயர். பத்து என்று எழுதிவிட்டால் பத்துதான்.