மர்ம மனிதர் யார்? ‘டாக்டர் ஹூ’ தியரி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரின் பேச்சு கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பையன்கள் பகலில் படகு மராமத்து வேலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து ராமநாதபுரம் வந்துவிடுவார்கள். கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் வருவதுண்டு. ஒரு டியூஷன் சென்டர் மாடிதான் நாங்கள் கூடும் இடம். 2024, 2025 இரண்டு வருஷமும் புது சீசன் பெரும்பாலும் இந்த மாதங்களிலேயே வந்தது எங்களுக்குப் பெரிய வசதி.

தொடரின் நாயகர் டாக்டர், காலப்பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசி. சாகும் நேரத்தில் வேறு முகத்தோடு மறுபிறப்பு எடுப்பார், நடிகரும் மாறுவார். 2025 மே 31 அன்று வந்த எபிசோடின் கடைசியில் ஷூட்டி கட்வாவின் டாக்டர் ஒளியாகக் கரைகிறார். அந்த இடத்தில் பில்லி பைப்பரின் முகம் வருகிறது. அவ்வளவுதான், எபிசோட் முடிந்தது. அன்றிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள், வந்திருப்பது யார் என்று ஆளுக்கொரு தியரியை வாய்ஸ் நோட்டாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கக் கேட்க, ரிவர் சாங் என்ற மர்மப் பெண் வந்த காலத்தில் எங்கள் கூட்டமே செய்த பிழைகள் ஒன்றுவிடாமல் திரும்பி வருவது தெரிகிறது. எத்தனையாவது டாக்டர் என்று எண்ணுவதில் தடுமாறுவது, எபிசோட் பெயரை மாற்றிச் சொல்வது மாதிரியான சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தானாகச் சரியாகும்.

முகத்தை வைத்து ஆளைத் தீர்மானிப்பது

“பைப்பர் 2005-ல் ரோஸ் டைலராக நடித்தவர், அதனால் வந்திருப்பது ரோஸ்தான்.” இதுதான் இப்போது அதிகம் வரும் தியரி. ஆனால் 2013 நவம்பர் 23-ல் வந்த ஐம்பதாம் ஆண்டு சிறப்பு எபிசோடிலேயே பைப்பர் ரோஸாக வரவில்லை. ‘மொமென்ட்’ என்ற, மனசாட்சி உள்ள ஓர் ஆயுதம் ரோஸின் முகத்தை எடுத்துக்கொண்டு வந்து பேசியது. பீட்டர் கபால்டி 2008-ல் பொம்பெய் நகரத்துப் பளிங்கு வியாபாரி, 2013-ல் டாக்டர். அந்த முகம் ஏன் திரும்பி வந்தது என்பதை 2015-ல்தான் தொடர் சொன்னது. வரதா சேது 2024-ல் ஒரு போர்வீரராக வந்தார், அடுத்த சீசனிலேயே பெலிண்டா சந்திரா என்ற நர்ஸ்.

குரலும் இப்படித்தான். 1975-ல் சுடெக் என்ற எகிப்தியக் கடவுளுக்குக் குரல் கொடுத்தவர் கேப்ரியல் வூல்ஃப். 2006-ல் அவர் குரலில் வேறொரு சாத்தான் பேசியது. 2024-ல் மறுபடி அதே குரல், இந்த முறை நிஜமாகவே சுடெக். ஒரே குரல், ஒரு தடவை வேறு ஆள், ஒரு தடவை அதே ஆள். ஆகவே முகத்தையும் குரலையும் வைத்துக் கேள்வி கேட்கலாம். பதிலுக்கு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பைப்பர் விஷயத்தில் நான் பார்க்கச் சொல்வது எபிசோட் முடிவில் நடிகர் பெயர்கள் ஓடும் இடத்தை. 2010 ஜனவரி 1-ல் மேட் ஸ்மித் வந்தபோது ‘டாக்டராக’ என்று சேர்த்தே அறிமுகம் போட்டார்கள். பைப்பருக்கு ‘அறிமுகம்: பில்லி பைப்பர்’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள். இருபது வருஷம் முன்பே இந்தத் தொடரில் நடித்தவருக்கு ‘அறிமுகம்’ என்று போட்டதும், எந்த வேடம் என்று சொல்லாமல் விட்டதும் முகத்தைவிடப் பெரிய தடயம்.

பெயரைக் கலைத்துப் போடுவது

2024-ல் சூசன் டிரையட் என்ற பாத்திரம் வந்தது. ‘எஸ் டிரையட்’ என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் டார்டிஸ் என்ற, டாக்டரின் காலப்பயணக் கப்பலின் பெயர் வரும், டாக்டரின் பேத்தி பெயரும் சூசன். எல்லோரும் பேத்தியைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கொண்டாடினார்கள். தொடரே அந்தக் கலைத்தல் ஒரு பொறி என்று காட்டிவிட்டு, உள்ளிருந்து சுடெக்கை எடுத்து வெளியே விட்டது. எழுதுபவர்களுக்கு நம் பழக்கம் தெரியும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

“அவ பொய் சொல்றா”

எனக்கு இன்றும் எரிச்சல் அடங்காத தவறு இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 கிறிஸ்துமஸ் எபிசோடில், டாக்டரின் புதுத் துணை ரூபிக்குப் பக்கத்து வீட்டுக் கிழவியாக மிஸஸ் ஃப்ளட் என்பவள் வருகிறாள். அனிதா டாப்சன் நடித்தது. கடைசியில் டார்டிஸ் மறைவதைப் பார்த்துத் திகைத்து நிற்கும் அண்டை வீட்டுக்காரரிடம் “டார்டிஸைப் பார்த்ததே இல்லையா?” என்று கேட்டுவிட்டு, நேராக நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். யார் இவள் என்ற கேள்வி அந்த நொடியில் பிறந்தது.

எங்கள் மாடியில், டாக்டரின் மனைவி ரிவர் சாங்தான் இவள் என்று முடிவு கட்டினார்கள். பெயரில் தண்ணீர் இருக்கிறது, டார்டிஸ் தெரிகிறது, குறும்பு இருக்கிறது. ரிவர் 2008-லேயே இறந்துவிட்டாளே என்றால், அவள் மனதை அவள் இறந்த நூலகத்தின் கணினியில் டாக்டர் பத்திரப்படுத்தியிருக்கிறார், வெளியே வர வழி உண்டு என்றார்கள். அதுவரை நியாயமான பேச்சுதான்.

2024 ஜூன் 22-ல் சீசன் முடிவு. மிஸஸ் ஃப்ளட் கூரை மேல் நின்று, டாக்டரின் கதை பெரும் பயங்கரத்தில் முடியும் என்று நம்மிடம் சொல்கிறாள். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு ருசி. டாக்டருக்காக உயிரையே விட்ட மனைவி இப்படிச் சொல்வாளா? அந்த இடத்திலேயே தியரி செத்திருக்க வேண்டும். ஆனால் எங்களில் மூத்தவர் ஒருவர் ‘முதல் விதி’யை எடுத்தார். “முதல் விதி: டாக்டர் பொய் சொல்வார்” என்பது 2010-ல் ரிவர் வாயாலேயே வந்த வசனம். புருஷன் பொய் சொல்வார் என்றால் பெண்டாட்டியும் சொல்வாள், அவள் நடிக்கிறாள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று கீழக்கரையிலிருந்து வந்திருந்த கல்லூரித் தங்கச்சி ஒருத்தி கையில் நோட்டோடு எழுந்தாள். “ராணிதான் காக்கா. டாக்டர் இனத்து வில்லி, விஞ்ஞானி. 1985 கதையப் பாருங்க. சுரங்கத் தொழிலாளிங்க குளிக்கிற இடத்துல கிழவி வேஷம் போட்டு உக்காந்துக்கிட்டு, அவங்க மூளையில இருந்து தூக்கத்துக்கான ரசாயனத்த எடுக்குறா. மனுசங்க மேல அன்பும் இல்ல, கோபமும் இல்ல, அவளுக்கு எல்லாரும் ஆராய்ச்சிப் பொருள். இவளும் வேஷம் போட்ட கிழவிதான், பக்கத்துல குடியிருந்து வேடிக்கை பாக்குறா.” அதோடு நிறுத்தவில்லை. “இவ யாருக்காவது ஒரு தடவ பாசமா ஏதாவது செஞ்சிட்டா நான் சொன்னது தப்பு, நோட்டைக் கிழிச்சிடுறேன்” என்றாள்.

தியரி என்றால் அதுதான். பழைய கதையில் கால் ஊன்றி நிற்கிறது, பாத்திரத்தின் நடத்தையைப் பேசுகிறது, எது நடந்தால் தான் தோற்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்கிறது.

மூத்தவர் சிரித்துவிட்டு, 2005-லிருந்து எந்த மர்மப் பொம்பளை வந்தாலும் ராணி ராணி என்றுதான் சொல்கிறார்கள், ஒரு தடவையும் பலிக்கவில்லை என்றார். பலிக்காதது உண்மை. ஆனால் மற்றவர்கள் வெறும் ஆசையில் சொன்னதற்கும் இவள் காரணம் அடுக்கிச் சொன்னதற்கும் ஒரே பதிலைச் சொல்லி உட்கார வைத்தார். அதன் பிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

2025 ஏப்ரலில் அடுத்த சீசன் வந்தது. மிஸஸ் ஃப்ளட் இப்போது பெலிண்டா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. தொடர்ந்து துணைப் பாத்திரங்களின் வாசலிலேயே குடியேறுகிறாள். மே 3-ல் அவள் சிறை அதிகாரியாக வந்து, டாக்டரின் நண்பர்களுக்குத் துரோகம் செய்த கான்ராடைத் திறந்து விடுகிறாள். ரிவர் இதைச் செய்வாளா? “டபுள் கேம் ஆடுறா” என்றார்கள். மறுபடி பொய், மறுபடி நடிப்பு. வலைக்குக் கண் இருந்தால்தான் தண்ணீரை விட்டு மீனைப் பிடிக்கும். இவர்கள் தியரியில் ஒரு கண்ணும் இல்லை, கடலையே அள்ளப் பார்த்தார்கள். எதிராக வந்த ஒவ்வொரு காட்சியையும் ‘பொய்’ என்ற ஒரே பைக்குள் போட்டுக்கொண்டே இருந்தால் எந்தக் காட்சி வந்தும் பிரயோஜனம் இல்லை.

மே 17. மிஸஸ் ஃப்ளட் உறைந்து, உருகி, இரண்டாகப் பிரிந்தாள். ஒன்று பழைய கிழவி, இன்னொன்று ஆர்ச்சி பஞ்சாபி நடித்த புது உருவம். இருவரும் ராணி. அடுத்த வாரம் கான்ராடை அவள் எதற்காக வெளியே எடுத்தாள் என்பதும் தெரிந்தது: அவனும் அவளுக்கு ஒரு கருவி.

அன்று மாடியில் யாரும் அந்தத் தங்கச்சி பேச்சை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். தியரி பொய்த்ததில் எனக்கு வருத்தமே இல்லை, பொய்ப்பது இந்த விளையாட்டில் சாதாரணம். ஓர் உருப்படியான ஆளை இந்தப் ‘பொய்’ பையின் தைரியத்தில் துரத்திவிட்டார்களே, அதுதான் ஆறவில்லை. இப்போது பைப்பர் தியரிகளிலும் “அது டாக்டரோட கனவு”, “அது பொய்யான மறுபிறப்பு” என்று அதே பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தொடர் ஒரு பாத்திரத்தைப் பொய் சொல்ல வைக்கும்போது, அது பொய் என்று அறிய வேறெங்காவது ஒரு காட்சி வைத்திருக்கும். அந்தக் காட்சியைக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் வசனத்தை வசனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மர்மம் இருந்தால் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புவது

ரூபி சண்டேயின் தாய். பனி பெய்யும் இரவில் முக்காடிட்ட உருவம் ஒன்று குழந்தையைத் தேவாலய வாசலில் விட்டுவிட்டுப் போகிறது. போகும்போது திரும்பிக் கையை நீட்டுகிறது. டாக்டரைச் சுட்டுகிறாள், அவரை அறிந்தவள், கடவுள்களில் ஒருத்தி, எதிர்கால ரூபியே வந்திருக்கிறாள் என்று என்னென்னவோ எழுதினார்கள்.

அந்தக் கையை மட்டும் பாருங்கள். விரல் நீண்டிருக்கிறது, டாக்டர் எதிரே நிற்கிறார், நாமும் டாக்டர் பக்கம் இருந்தே பார்க்கிறோம். அதனால் கை அவரை நோக்கியது என்று எடுத்துக்கொண்டோம். அவருக்குப் பின்னால் தெருப் பெயர்ப் பலகை இருந்தது. ரூபி ரோடு. பிள்ளைக்கு அந்தப் பெயரை வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன பதினைந்து வயதுப் பெண் அவள். வேறு எந்த சக்தியும் இல்லை. எல்லாக் காலத்தையும் பார்க்க முடிந்த சுடெக்கும் அவள் யாரென்று தெரியாமல் தவித்ததற்குக் காரணம், அவளைப் பெரிய ஆள் என்று நம்பியது.

எனக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும். பலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போகட்டும், ஆனால் அடுத்த தியரியில் ‘சாதாரண ஆள்’ என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

தயாரிப்புப் பிழை என்று தள்ளிவிடுவது

2010 மே 1-ல் வந்த எபிசோட். சிலை வடிவ எதிரிகளான அழுகைத் தேவதைகள் டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொள்கின்றன, அவர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கிறார். பிறகு காட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் தன் பயணத் துணை ஏமியை விட்டுப் போகிறார். மறு நிமிஷம் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து, ஏழு வயதில் உன்னிடம் சொன்னதை நினைவுபடுத்திக்கொள் என்கிறார். அப்போது உடம்பில் கோட் இருக்கிறது. பலர் உடை பார்ப்பவரின் கவனக்குறைவு என்று கடந்து போனார்கள். ஜூன் 26-ல் விடை வந்தது. காலத்தில் பின்னோக்கி நழுவிய வேறொரு நேரத்து டாக்டர் அவர்.

நிஜமான பிழைகளும் இந்தத் தொடரில் ஏராளம். பிரித்தறிய நான் வைத்திருக்கும் வழி: பிழை ஓரத்தில் கிடக்கும், காமிரா அதைக் கவனிக்காது. இங்கே காமிரா கிட்டே போய் நிற்கிறது, நடிகரின் குரலே மாறுகிறது. அவசரத்தில் எடுத்த காட்சியில் இத்தனை நிதானம் இருக்காது.

பேட்டியை ஆதாரமாக்குவது

வேண்டாம். ரகசியம் காப்பது பேட்டி கொடுப்பவர்கள் வேலை.

ஒளிபரப்பான வரிசையிலேயே யோசிப்பது

2008 மே 31-ல் ரிவர் முதல்முறை வருகிறாள், ஜூன் 7-ல் இறக்கிறாள். நமக்கும் டாக்டருக்கும் முதல் சந்திப்பு, அவளுக்கு அதுதான் கடைசி. ரிவர், ஏமிக்கும் அவள் கணவன் ரோரிக்கும் பிறந்த மகள் என்பது 2011 ஜூன் 4-ல்தான் தெரிந்தது. அதற்குள் ஒளிபரப்பு வரிசையில் தடயங்களை அடுக்கி, ‘போகப் போக டாக்டரை இவளுக்குத் தெரியாமல் போகிறது, ஆகவே ஆள்மாறாட்டம்’ என்று எழுதியவர்கள் உண்டு. நேர் தலைகீழாகச் சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் தப்பு வரும், வரிசை அங்கங்கே முன்பின்னாகக் கலைந்திருக்கிறது. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் அவள் வாழ்ந்த வரிசை, மற்றதில் அவர் வாழ்ந்த வரிசை. காலப்பயணம் செய்யும் எந்தப் பாத்திரத்துக்கும் இதைச் செய்யாமல் தியரி எழுத உட்காராதீர்கள்.

கசிந்த ஸ்கிரிப்டைப் படித்துவிட்டுத் தியரி என்று சொல்வது

அப்படிப்பட்டவரை எங்கள் மாடியில் பேச விடுவதில்லை.

பதிலை ஸ்டேட்டஸில் போடுவது

2024-ல் எபிசோட் நமக்குச் சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கு வந்தது. ரூபியின் தாய் யாரென்று சொன்ன எபிசோட் வந்த ஜூன் 22-ல் தடைக்காலம் முடிந்து படகுகள் தொழிலுக்குப் போய்விட்டன. மே மாதம் முழுக்க எங்களோடு உட்கார்ந்து தியரி எழுதிய பையன்கள் கரைக்கு வந்து போனை எடுத்தால், விடை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படத்தோடு கிடக்கிறது. யாரோ ஒருவர் அவசரப்பட்டுப் போட்டது. ஒருவன் அந்த எபிசோடைப் பார்க்கவே இல்லை. குறைந்தது ஞாயிற்றுக்கிழமை இரவு வரை பொறுங்கள். அதற்கு முன் பேசியே ஆக வேண்டும் என்றால், பார்த்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.