புயல் ஓய்ந்த பிறகு முதல் இரண்டு நாள்: நான் சொதப்பியதும் சேர்த்து

தண்ணீர் பிடித்து வைப்பது, டார்ச் சார்ஜ் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை. காற்று நின்ற பிறகு என்ன செய்வது என்பதுதான் இது.

முதலில், காற்று நின்றுவிட்டதா என்பதே சந்தேகம். புயலின் கண் தலைக்கு மேல் வந்தால் திடீரென்று நிசப்தமாகிவிடும், வானம்கூட வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். புயல் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லும் வரை கதவைத் திறக்காதீர்கள்.

படி 1: வெளியே கால் வைப்பது

செருப்பு வேண்டாம், தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ. ஆணி அடித்த பலகைகள் தண்ணீருக்கடியில் மல்லாந்து கிடக்கும். அறுந்த மின்கம்பி கண்ணில் பட்டால் 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், செத்த கம்பிதான் என்று யார் சொன்னாலும் சரி. ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், 30 சென்டிமீட்டரில் சின்ன கார் மிதக்கத் தொடங்கிவிடும்.

படி 2: மின்சாரம்

தண்ணீரில் நிற்காமல் மெயின் ஸ்விட்ச்சைத் தொட முடிந்தால் மட்டும் அணையுங்கள். முடியாவிட்டால் எலக்ட்ரீஷியன் வரட்டும். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் நேரே வெளியே. மெழுகுவர்த்தியை நான் ஒழித்தே விட்டேன், தலையில் மாட்டும் விளக்குதான் நல்லது, இரண்டு கையும் சும்மா இருக்கும்.

(பிறகு சேர்த்தது: மெயினை அணைத்த பிறகும் ஷாக் அடித்ததாக ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்திருக்கிறது. மெயின் போனால் அது தானாக உயிர் பெற்றுவிடும் என்பதை நான் எழுத மறந்துவிட்டேன். அதையும் அணைக்க வேண்டும்.)

படி 3: ஜெனரேட்டர்

நான் மாட்டியது இங்கேதான். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், அதனால் பின்பக்க வராந்தாவில் வைத்தேன். மூன்று பக்கமும் திறப்பு, மேலே கூரை, மழையிலும் நனையாது, என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒயரை உள்ளே இழுக்க ஜன்னலை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் தலை விண்விண்ணென்று தெறித்தது, இரண்டு நாள் தூக்கமில்லையே, அதுதான் என்று நினைத்தேன். அப்புறம் நன்றாகத் தூங்கி எழுந்த மனைவியும் தலைவலி, குமட்டல் என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி வரும்? அப்போதுதான் உறைத்தது. வெளியே ஓடினோம்.

ஜெனரேட்டர் புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, ஒரு விரல் இடைவெளி அதற்குப் போதும். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும், அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்துங்கள். வராந்தா, கார் ஷெட் எல்லாம் வீட்டுக்குள் வைப்பதற்குச் சமம்தான். கரி அடுப்பை உள்ளே மூட்டினாலும் இதே வாயுதான். பெரிய ஜெனரேட்டருக்குக் கொடுக்கும் காசில் சின்னதாக ஒன்றும், பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும், நீளமான தடித்த ஒயரும் வாங்குங்கள் என்பேன். ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகாதீர்கள். மின்சாரம் தலைகீழாகத் தெருக் கம்பிக்குப் போய், அதைச் சரிசெய்ய ஏறியிருப்பவர் உயிரை எடுத்துவிடும். பெட்ரோல் ஊற்றும் முன் எஞ்சின் ஆறட்டும்.

படி 4: குடிநீர்

தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம், உயரமான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். கொதிக்க வைக்க வழியில்லையா, வாசனை சேர்க்காத 5 முதல் 6 சதவீத ப்ளீச் திரவம், லிட்டருக்கு 2 சொட்டு, கலந்து அரை மணி நேரம் விடுங்கள். கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டிவிட்டு 4 சொட்டு. எண்ணெயோ ரசாயனமோ கலந்த தண்ணீர் என்றால் இரண்டுமே உதவாது, கொட்டிவிடுங்கள்.

படி 5: சுத்தம் செய்தல்

ஒரு துடைப்பத்தை எடுக்கும் முன் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், காப்பீட்டுக்குத் தேவைப்படும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும் என்பதால் நனைந்த மெத்தை, கார்ப்பெட்டை முதலில் வெளியே தள்ளுங்கள். ப்ளீச்சோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

பின்சேர்க்கை: ஃப்ரீசரில் இருப்பதைச் சாப்பிடலாமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம், கீழே ஃபிரிட்ஜ் 4 மணி நேரம்தான் தாங்கும். வீட்டை விட்டுப் போயிருந்தால் எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை என்று எப்படித் தெரியும்? கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது தண்ணீர் மறுபடி உறைந்தே இருந்தாலும், நாணயம் அடியில் கிடந்தால் இடையில் எல்லாம் உருகிவிட்டது என்று அர்த்தம். ருசி பார்க்காமல் அப்படியே கொட்டிவிடுங்கள்.