சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்வதா, மாற்றுவதா? அளந்து பார்த்து முடிவெடுங்கள்

"ஹெட் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்பார் ஒருவர். "லேத்தில் கொடுத்து ஒரு ஃபேசிங் போட்டால் போதும்" என்பார் இன்னொருவர். ஃபேசிங் என்றால் ஹெட்டின் கீழ் முகத்தைச் சீவித் தட்டையாக்குவது. இத்தனைக்கும் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் அந்த ஹெட் இன்னும் எஞ்சினைவிட்டு இறங்கியிருக்காது. இந்த அவசரம்தான் முதல் தவறு.

கழற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை மேலே நிறுத்தி, கிராங்க் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுங்கள். டீசலாக இருந்தால் இன்ஜெக்டர் துளை. சைலன்சரில் காற்றுச் சத்தம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால், ஹெட்டுக்கும் கீழே உள்ள எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கட்டோ விரிசலோ. ஆயில் ஊற்றும் வாய் வழியாகப் பலமாக வந்தால் பிஸ்டன் ரிங். ரிங் வழியாகக் கொஞ்சம் கசிவது எல்லா எஞ்சினிலும் உண்டு. அளவு மீறினால்தான் கவலை. அப்படி மீறிய எஞ்சினில் ஹெட்டுக்கு மட்டும் செலவு செய்தால், வண்டி ஆயில் குடிப்பது நிற்காது.

அடுத்த தவறு, வேலையின் வரிசையை மாற்றிவிடுவது. வால்வு, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடு, வால்வு உட்காரும் சீட் எல்லாம் போட்டு முடித்த பிறகு பிரஷர் டெஸ்ட் (தண்ணீர் ஓடும் வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது) செய்து, விரிசலைப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்கள் உண்டு. கழுவிச் சுத்தம் செய்த உடனே டெஸ்ட் செய்துவிட வேண்டும். அதுவும் சுடுதண்ணீரில், ஏனென்றால் சில விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடத்தை முதலில் பாருங்கள். விரிசல் என்றாலே ஹெட் குப்பைக்குத்தான் என்றும் இல்லை. சில டீசல் எஞ்சின்களில் அந்த இடத்தில் சிறு விரிசல் இருந்தால் பரவாயில்லை என்று தயாரிப்பாளரின் மேனுவலே அளவு கொடுத்திருக்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஃபேசிங்கில் நடக்கும் தவறு. அலுமினியம், வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். எஞ்சின் ஓவர்ஹீட் ஆகும்போது அலுமினிய ஹெட் விரியப் பார்க்கும், இரும்பு பிளாக்கும் போல்ட்டுகளும் விடாது. விளைவு, ஹெட் வில்போல வளையும். பல எஞ்சின்களில் அனுமதிக்கும் வளைவு 0.05 மி.மீ. முதல் 0.1 மி.மீ. வரைதான். ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற நேரான பட்டையை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும். சரி, வளைந்திருக்கிறது. உடனே கீழ் முகத்தைச் சீவித் தட்டையாக்கிவிடுகிறார்கள். ஆனால் வளைந்தது முழு ஹெட்டும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் (கேம்) ஹெட்டின் மேலே ஓடும் எஞ்சினாக இருந்தால், கேம் உட்காரும் துளைகளும் ஒரே கோட்டில் இல்லாமல் போயிருக்கும். கேமைப் போட்டு, அதை மேலிருந்து பிடிக்கும் கேப்புகளை முறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகச் சுற்றினால் அந்த ஹெட் நேராகவில்லை. அப்படியே ஓட்டினால் கேம் பிடித்துக்கொள்ளும், உடையவும் கூடும். முதலில் ஹெட்டைக் கனத்த தகட்டில் போல்ட் போட்டு முறுக்கி, மெதுவாகச் சூடேற்றி நிமிர்த்த வேண்டும். ஃபேசிங் அதற்கு அப்புறம்தான், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். ஒவ்வொரு முறை சீவும்போதும் உயரம் குறைந்து கம்ப்ரஷன் ஏறும்; டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கும். மேனுவல் சொல்லும் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போன ஹெட்டை மாற்றத்தான் வேண்டும். கடுமையான சூட்டில் உலோகமே மெத்தென்று ஆகிவிட்ட ஹெட்டும் அப்படித்தான். அதில் கேஸ்கட் நிற்காது. ஆகவே கடினத்தன்மைச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு மாறாக, கைடு, சீட், வால்வு மட்டும் தேய்ந்த ஹெட்டைத் தூக்கிப் போடுவதும் தவறுதான். அலுமினிய ஹெட்டில் கைடும் சீட்டும் தனியாக இறுக்கிப் பொருத்தப்பட்டவை. தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். ஒன்று மட்டும் கவனம்: கைடை முதலில் மாற்றிவிட்டுத்தான் சீட்டை வெட்ட வேண்டும். வெட்டும் கருவி கைடைப் பிடித்துத்தான் மையம் பார்க்கிறது. ஆடும் கைடை வைத்துக்கொண்டு எவ்வளவு லேப்பிங் செய்தாலும் (வால்வைச் சீட்டோடு பேஸ்ட் வைத்துத் தேய்த்தாலும்) வால்வு சரியாக உட்காராது.

விலையை ஒப்பிடும்போது இரு பக்கமும் முழுக் கணக்குப் போடுங்கள். வெறும் ஹெட் என்று விற்பதில் வால்வு, ஸ்பிரிங், கேம் எதுவும் இருக்காது. பழைய ஹெட் வாங்கினால் அதில் பதிந்திருக்கும் வார்ப்பு எண்ணை உங்கள் ஹெட்டோடு ஒத்துப் பார்த்து, அதற்கும் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். அதுவும் ஓவர்ஹீட் ஆன எஞ்சினிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

ஹெட் லேத்துக்குப் போயிருக்கும் நாட்களில் ஓவர்ஹீட்டுக்குக் காரணமாகக்கூடிய தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிளாக்கின் மேல் முகத்திலும் அதே ஸ்ட்ரெயிட் எட்ஜை வையுங்கள். ஒரு தடவை மட்டுமே பயன்படுத்த வேண்டிய வகை ஹெட் போல்ட்டுகளாக இருந்தால், புதிதாக வாங்கி வைத்துவிடுங்கள்.